ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்த சிசிடாலியா

பழைய பிரீமியர் பத்மினி வைத்திருந்தவர்களுக்கு 1089 என்ற எண் ஞாபகம் இருக்கும். அதுதான் அந்த என்ஜினின் சிசி. மலை ஏறினால் மூச்சு வாங்கும், சித்திரை வெயிலில் கொதிக்கும், ஆனால் எந்த ஊர்க்கோடி மெக்கானிக்கும் பிரித்து மாட்டிக் கொடுத்துவிடுவார். அந்த என்ஜினின் தாத்தா 1937-ல் இத்தாலியில் ஃபியட் 1100 காரில் வந்தது. சிலிண்டரின் அகலம் அதே 68 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதே 75 மில்லிமீட்டர். அந்தத் தாத்தா என்ஜினை வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கம்பெனி டூரின் நகரத்தில் மூன்றே வருடத்தில் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்து, அதே வேகத்தில் கடனில் மூழ்கியும் போயிற்று. பெயர் சிசிடாலியா.

இத்தாலிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் ஃபெராரி, லம்போர்கினி, மாசெராட்டி என்று மூன்று பெயரோடு நின்றுவிடுகிறோம். போருக்குப் பிந்தைய இத்தாலியில் இந்த மாதிரிச் சின்னப் பட்டறைகள் நிறைய இருந்தன, பெரும்பாலானவை ஃபியட் பாகங்களை வைத்துப் பிழைத்தன, பெரும்பாலானவை காணாமல் போயின. அவற்றில் சிசிடாலியாவை மட்டும் எடுத்துப் பேசக் காரணம், அது விழுந்த விதம். "கிராண்ட் ப்ரீ கார் கட்டப் போய்க் கவிழ்ந்தார்கள்" என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அது பொய்யில்லை. ஆனால் அந்தக் கார் கடைசித் தள்ளுதான் என்பது என் கருத்து. கவிழ்வதற்கான சாய்வு அதற்கு முன்பே இருந்தது.

ஆள் யார்?

பியெரோ டூசியோ 1899-ல் ஆஸ்டி பக்கத்தில் ஸ்குர்சொலெங்கோ என்ற ஊரில் பிறந்தவர். இளவயதில் யுவென்டஸ் அணிக்குக் கால்பந்து ஆடியவர், முழங்கால் அடிபட்டு ஆட்டம் நின்றதும் துணி வியாபாரத்தில் இறங்கினார். அதில் கைராசி. துணியிலிருந்து மெழுகுத்துணி, ராணுவச் சீருடை, விளையாட்டுச் சாமான், சைக்கிள், ஹோட்டல் என்று கை வைத்த இடமெல்லாம் பணம். 1940-களின் தொடக்கத்தில், ஒரு காலத்தில் தான் ஆடிய யுவென்டஸ் கிளப்புக்கே தலைவர். நடுவில் கார் பந்தயமும் ஓட்டினார், அதுவும் காசிருப்பவர் பொழுதுபோக்குக்கு ஓட்டுகிற ஓட்டு இல்லை; 1936 இத்தாலிய கிராண்ட் ப்ரீயில் ஆறாவதாக வந்திருக்கிறார், முன்னால் போனவர்களில் அந்தக் காலத்து நட்சத்திர ஓட்டுநர்கள் ரோஸ்மெயரும் நுவோலாரியும் உண்டு.

போர் முடியும் முன்பே அவருக்கு ஒரு யோசனை. சண்டை ஓய்ந்ததும் ஜனங்களுக்குப் பந்தயம் வேண்டும், பந்தயக்காரர்களிடம் பணம் இருக்காது, அதனால் மலிவாக, எல்லோருக்கும் ஒரே மாதிரி, சின்னதாக ஒரு ஒற்றை இருக்கை கார். டிசைனுக்கு அவர் பிடித்த ஆள் தாந்தே ஜாகோசா. ஃபியட்டின் என்ஜினியர், 1936-ல் வந்த டோபோலினோ என்ற குட்டிக் கார் அவர் கைவண்ணம், பின்னால் ஃபியட் 600-ம் புதிய 500-ம் கொடுக்கப்போகிறவர். ஃபியட்டுக்குத் தெரிந்தேதான், வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் டூசியோவுக்காக வரைந்தார்.

இங்கே ஒரு அழகான விஷயம். டூசியோவின் சைக்கிள் தொழிலில் குரோம் மாலிப்டினம் குழாய்கள் கைவசம் இருந்தன. ஜாகோசா அந்த மெல்லிய குழாய்களை முக்கோண முக்கோணமாக வெல்டு வைத்து ஒரு கூடு கட்டினார். அந்தக் காலத்துக் கார்களில் இரண்டு கனமான இரும்புச் சட்டம் நீளவாக்கில் ஓடும், மீதியெல்லாம் அதன் மேல் உட்காரும். இங்கே பளுவைக் கூடு முழுக்கப் பகிர்ந்துகொள்கிறது. என்ஜின் சாதாரண ஃபியட் 1100-ஐக் கொஞ்சம் முறுக்கேற்றியது, 60 குதிரைத்திறன் வாக்கில். ஆனால் கார் மொத்தமும் 400 கிலோவுக்குள். கணக்குப் போட்டுப் பாருங்கள்: பத்மினியில் அதே அளவு என்ஜின் நாற்பது சொச்சம் குதிரைத்திறனில் அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் எடையை இழுத்தது. ஜாகோசாவுக்கு ஃபியட் வேலையே கழுத்தை நெரித்ததால், 1945-ல் ஜொவன்னி சவோனுட்சி என்ற இன்னொரு ஃபியட் ஆளிடம் பொறுப்பு கைமாறியது. கார் பெயர் டி46. டூசியோவின் டி, வருடத்தின் 46. கம்பெனி பெயர் 'கொன்சோர்ட்சியோ இண்டுஸ்திரியாலே ஸ்போர்டிவோ இத்தாலியா' என்பதன் சுருக்கம்.

1946 செப்டம்பரில் டூரினின் வாலென்டினோ பூங்காவில் கோப்பா பிரெட்சி பந்தயம். ஏழு டி46 கார்கள் இறங்கின. நுவோலாரி ஓட்டிய காரில் ஸ்டீயரிங் வட்டு கையோடு கழன்று வந்துவிட்டது; மனுஷன் அதை ஒரு கையில் ஆட்டிக் காட்டிக்கொண்டு, மறு கையால் கம்பியைப் பிடித்துத் திருப்பியபடி ஓட்டிய கதை இத்தாலியில் எல்லோருக்கும் தெரியும். பந்தயத்தை ஜெயித்தது யார் தெரியுமா? முதலாளி டூசியோவேதான், 46 வயதில்.

1947

அந்த வருடம் சிசிடாலியாவுக்கு நடந்ததை வரிசையாகச் சொன்னால் ஒரே கம்பெனியின் கதை என்று நம்பக் கஷ்டம்.

பிப்ரவரியில் போர்ஷ குடும்பத்தோடு ஒப்பந்தம் (அதற்குத் தனியாக வருகிறேன்). மார்ச்சில் கெய்ரோ: ஒரே மாதிரி டி46 கார்களைக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய், பெயர்பெற்ற ஓட்டுநர்களை உட்கார வைத்து, நைல் நதித் தீவான கெசீராவில் பந்தயம். சர்க்கஸ் கம்பெனி மாதிரி ஊர் ஊராகக் கூடாரம் போட்டு வசூல் பார்ப்பது திட்டம். ஃபிராங்கோ கோர்டேசே ஜெயித்தார். சர்க்கஸ் அந்த ஒரு ஊரோடு சரி, அடுத்த ஊருக்குப் போகவில்லை.

ஜூனில் மிலே மிலியா, போருக்குப் பின் முதல் முறை. பிரெஷியாவில் கிளம்பி ரோம் வரை இறங்கி, டூரின் வழியாகச் சுற்றித் திரும்பவும் பிரெஷியா, சுமார் 1,800 கிலோமீட்டர், எல்லாம் சாதாரணச் சாலை. நுவோலாரிக்கு அப்போது வயது 54. நுரையீரல் கெட்டு, பெட்ரோல் புகை பட்டாலே இருமல். இரண்டு மகன்கள், இரண்டு பேரையும் பதினெட்டு வயதில் பறிகொடுத்தவர், இளையவன் போய் ஒரு வருடம்தான் கடந்திருந்தது. அவருக்குக் கொடுக்கப்பட்டது சிசிடாலியா 202, கூரை இல்லாத ஸ்பைடர், 1100 சிசி. எதிரே பியோன்டெட்டியின் ஆல்ஃபா ரோமியோ 8சி 2900, கிட்டத்தட்ட மூன்று லிட்டர், மூடிய பாடி. ரோமில் நுவோலாரி முன்னிலை. பொலோன்யாவிலும் அவர்தான். டூரினை நெருங்கும்போது பேய்மழை, இக்னிஷனில் தண்ணீர் புகுந்து என்ஜின் இருமத் தொடங்கி, நின்று, துடைத்து, கிளப்பி, போன நேரம் போனதுதான். கூரை உள்ள ஆல்ஃபா மழையில் நிதானமாகப் போய் முதலில் சேர்ந்தது. நுவோலாரி சுமார் கால் மணி நேரம் பின்தங்கி இரண்டாவது. மூன்றாவது, நான்காவது இடங்களும் சிசிடாலியாவுக்கே.

ஜெயித்தது யார் என்று கேட்டால் பியோன்டெட்டி என்று சொல்லத் தெரிந்தவர்கள் குறைவு. நுவோலாரி தோற்றதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அந்த ஸ்பைடருக்கு அதன் பிறகு 'நுவோலாரி' என்றே பெயர். விளம்பரமாகப் பார்த்தால் பணம் கொடுத்தாலும் கிடைக்காதது.

அதே வருடம் கார்களுக்கு பாடி கட்டும் பினின் ஃபரினா பட்டறையிலிருந்து 202-ன் கூரை வைத்த வடிவம், பெர்லினெட்டா, வெளிவந்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். அதுவரை கார் என்றால் பானெட் ஒரு பெட்டி, மட்கார்டு நாலு தனி, ஹெட்லைட் இரண்டு குடம் மாதிரி வெளியே நிற்கும், இவற்றை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டியிருப்பார்கள். 202-ல் ஒட்டு எதுவும் கண்ணில் படாது. மட்கார்டு வீங்கி எழுந்து, ஹெட்லைட்டைத் தனக்குள் வாங்கிக்கொண்டு, கதவின் மேலாக ஓடிப் பின்சக்கரத்தின் மேல் திரும்ப எழுகிறது. பானெட் மட்கார்டை விடத் தாழ்வு. குழாய்க் கூடு மெல்லியது என்பதாலும் என்ஜின் சின்னது என்பதாலும்தான் அவ்வளவு தாழ்வாக இறக்க முடிந்தது. அழகுக்கு அடியில் ஜாகோசா, சவோனுட்சி கணக்கு இருக்கிறது. அலுமினியத் தகட்டைக் கையால் தட்டித் தட்டி எடுத்த வளைவுகள். 1951-ல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் எட்டு கார்களை மட்டும் தேர்ந்தெடுத்துக் கண்காட்சி வைத்தபோது, ஜீப், எம்ஜி, பென்ட்லி, மெர்சிடிஸ், கோர்டு எல்லாவற்றோடும் இதுவும் நின்றது. அன்றைக்கு ஃபெராரிக்கு அங்கே இடமில்லை.

க்முண்ட் ஒப்பந்தம்

சரி, போர்ஷ விஷயம். 1945 கடைசியில் பிரெஞ்சுக்காரர்கள் ஃபெர்டினான்ட் போர்ஷ, மகன் ஃபெரி, மருமகன் அன்டன் பியெக் மூவரையும் பிடித்து வைத்தார்கள். ஃபெரியை முதலில் விட்டுவிட்டார்கள். பெரியவரும் மருமகனும் உள்ளே. வெளியே வர பத்து லட்சம் ஃபிராங்க் கட்ட வேண்டும். ஃபெரியும் அக்கா லூயிஸேயும் ஆஸ்திரிய மலைப்பகுதியில் க்முண்ட் என்ற ஊரில், ஒரு பழைய மரம் அறுக்கும் மில்லில், மிச்சம் இருந்த ஆட்களை வைத்துக்கொண்டு கிடைத்த ரிப்பேர் வேலையெல்லாம் செய்து காலத்தை ஓட்டினார்கள்.

இந்த இடத்தில்தான் கார்ல் அபார்த் கதைக்குள் வருகிறார். வியன்னாவில் பிறந்து மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டியவர், இத்தாலியின் மெரானோவில் குடியிருந்தார், பியெக்கை முன்பே தெரியும். அவரும் ருடால்ஃப் ஹ்ருஸ்கா என்ற இன்னொரு என்ஜினியரும் இத்தாலியில் போர்ஷக்காக வேலை தேடினார்கள். நுவோலாரி போருக்கு முன் ஆட்டோ யூனியனில் ஓட்டியவர், அந்த டீமின் பின் என்ஜின் காருக்கு மூலம் போர்ஷ டிசைன். இப்படி ஒருவருக்கொருவர் தெரிந்தவர்கள் வழியாக விஷயம் டூசியோவிடம் வந்து சேர்ந்தது, 1947 பிப்ரவரியில் கையெழுத்தானது. கிராண்ட் ப்ரீ கார் மட்டுமல்ல, ஒன்றரை லிட்டர் ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று, சின்ன டிராக்டர் ஒன்று, தண்ணீரில் சுழலும் டர்பைன் ஒன்று என நான்கு வேலை. அந்த ஒப்பந்தப் பணத்திலிருந்துதான் பத்து லட்சம் ஃபிராங்க் போயிற்று. 1947 ஆகஸ்டில் பெரியவர் வெளியே வந்தார்.

மனிதாபிமானமாகப் பார்த்தால் டூசியோவைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும். முதலாளியாகப் பார்த்தால் தலையில் கை வைத்துக்கொள்ள வேண்டும்.

டைப் 360 என்று போர்ஷ எண் கொடுத்த அந்தக் காரைப் பார்ப்போம். 1.5 லிட்டர், பன்னிரண்டு சிலிண்டர், ஆறு இந்தப் பக்கம் ஆறு அந்தப் பக்கம் படுத்தவாக்கில். இரண்டு சூப்பர்சார்ஜர். நிமிடத்துக்குப் பத்தாயிரத்துக்கு மேல் சுழற்சி, 300-க்கு மேல் குதிரைத்திறன் எதிர்பார்ப்பு. என்ஜின் ஓட்டுநருக்குப் பின்னால். நான்கு சக்கரத்துக்கும் இழுவை, முன்சக்கர இழுவையை ஓட்டுநர் வேண்டாம் என்றால் விலக்கிக்கொள்ளலாம். மோட்டார் சைக்கிள் மாதிரி வரிசையாக விழும் ஐந்து கியர், கியர் இடிக்காமல் விழுவதற்காகவே புதிதாக யோசித்த வளைய சிங்க்ரோமெஷ். எல்லாம் 1947-ல். மற்ற கிராண்ட் ப்ரீ கார்கள் அப்போது என்ஜினை முன்னால் வைத்துக்கொண்டு பின்சக்கரத்தால் ஓடிக்கொண்டிருந்தன. பின்னால் என்ஜின் வைத்த கார் உலக சாம்பியன் ஆனது 1959-ல்தான், கூப்பர்.

இப்போது கொஞ்சம் குரூரமான ஒப்பீடு. 1950-ல் உலக சாம்பியன்ஷிப் தொடங்கியபோது முதல் இரண்டு வருடமும் ஜெயித்தது ஆல்ஃபா ரோமியோ 158-ம் அதன் வழியில் வந்த 159-ம். 158 முதலில் ஓடியது 1938-ல். முன்னால் என்ஜின், எட்டு சிலிண்டர், புதுமை என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் வருடக்கணக்காகச் சீர்செய்து சீர்செய்து வழுவழுப்பாக்கிய கார். அதாவது பந்தயம் கேட்டது புதுமையை இல்லை, பழுத்த காரை. டூசியோ காசு கொடுத்து வாங்கியது பத்து வருடம் கழித்துப் பழுக்க வேண்டிய காயை. அதில் ஒவ்வொரு பாகமும் புதுசு, எதையும் கடையில் வாங்க முடியாது, ஒவ்வொன்றுக்கும் அச்சும் கருவியும் தனியாகச் செய்ய வேண்டும்.

கணக்கு எங்கே இடித்தது

பலரும் இங்கேயே நிறுத்திவிடுவார்கள், 360 பணத்தை விழுங்கியது, முடிந்தது கதை என்று. ஆனால் ஒரு பந்தயக் காரின் செலவைத் தாங்குகிற வியாபாரம் அடியில் இருந்ததா என்று பார்க்க வேண்டாமா?

டி46 நல்ல யோசனை, மலிவான கார், ஆனால் முப்பது சொச்சம் கார்தான் செய்தார்கள். போர் முடிந்த இத்தாலியில் மலிவான பந்தயக் காரை வாங்கவும் எத்தனை பேர் இருந்திருப்பார்கள். சாலையில் ஓடும் 202 எல்லா வடிவமும் சேர்த்து 170 வாக்கில், அதுவும் சில வருடங்களில் பரவி. அந்தக் குழாய்க் கூடு இருக்கிறதே, பந்தயக் காருக்கு அது வரம், விற்கிற காருக்கு அது சாபம். ஒவ்வொரு இணைப்பும் கையால் வெல்டு. அதன் மேல் கையால் தட்டிய அலுமினியம். மாதத்துக்கு ஐநூறு செய்ய முடியாத பொருள், அதனால் விலை ஏறும். அமெரிக்காவில் 5,000 டாலருக்கு மேல் போயிற்று. 1948 அக்டோபரில் ஜாகுவார் எக்ஸ்கே120 வந்தது, 3.4 லிட்டர், 160 குதிரைத்திறன், அமெரிக்க விலை 4,000 டாலர் வாக்கில். சிசிடாலியாவின் பானெட்டைத் திறந்தால் உள்ளே 55, 60 குதிரைத்திறன் ஃபியட் என்ஜின். பார்க்கிறபோது தேவதை, திறந்து காட்டினால் வாடகைக் கார். வாங்குகிறவர் என்ன நினைப்பார்?

எலி வளையானாலும் தனி வளை வேண்டும் என்பார்கள். சிசிடாலியாவுக்குச் சொந்த என்ஜின் இல்லை. என்ஜின், கியர்பாக்ஸ், முன் சஸ்பென்ஷன், பின் ஆக்சில், எல்லாம் ஃபியட் வீட்டுச் சாமான். தொடங்குவதற்கு அது நல்ல வழி, மூலதனம் குறைவு, பாகம் எங்கும் கிடைக்கும். ஆனால் வளர வழியில்லை. 1100 சிசி என்ஜினை எவ்வளவு முறுக்கினாலும் இரண்டு லிட்டர் ஆகாது. ஃபெராரியைப் பாருங்கள். 1947 மே மாதம் முதல் கார் 125 எஸ் ஓடியது, ஓட்டியவர் அதே கோர்டேசே, கெய்ரோவில் சிசிடாலியாவுக்கு ஜெயித்துக் கொடுத்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. ஒன்றரை லிட்டர்தான் அதுவும், ஆனால் சொந்த வி12. அடுத்த வருடம் அதையே இரண்டு லிட்டராக்கினார்கள், அப்புறம் இன்னும் பெரிதாக்கினார்கள். பந்தயத்துக்குச் செய்த என்ஜினே விற்கிற காரிலும் உட்கார்ந்தது, ஒரு செலவு இரண்டு பக்கமும் உதவியது. 1948 மிலே மிலியாவில் நுவோலாரியே ஃபெராரியில்தான் ஓடினார், பானெட் பறந்து, வழியில் கார் நின்றுபோன அந்தப் பந்தயத்தை ஜெயித்ததும் வேறொரு ஃபெராரி, மறுபடி பியோன்டெட்டி.

டூசியோவின் கதையில் மூன்று திசை. மலிவான டி46 ஒரு வாடிக்கையாளருக்கு. விலை உயர்ந்த 202 வேறொரு வாடிக்கையாளருக்கு. 360-க்கு வாடிக்கையாளரே கிடையாது. ஒன்றில் கற்றது மற்றொன்றுக்குப் பயன்படவில்லை, 360-ன் எந்த போல்ட்டும் 202-ல் உட்காராது. அகலக்கால் என்றால் இதுதான், ஒவ்வொரு காலும் ஒவ்வொரு படகில்.

காலமும் கெட்டது. 1947 இலையுதிர் காலத்தில் இத்தாலியில் விலைவாசி எகிறியதை அடக்க, பட்ஜெட் அமைச்சர் எய்னாவ்தி வங்கிக் கடனை இறுக்கிப் பிடித்தார். விலைவாசி அடங்கியது. ஆனால் கடனில் சக்கரம் சுற்றிக்கொண்டிருந்த எந்தத் தொழிலுக்கும் அது மூச்சுத்திணறல். அப்படிப்பட்ட நேரத்தில் வருமானமே தராத ஒரு காருக்கு மாதா மாதம் பணம் போட்டுக்கொண்டிருப்பது துணி வியாபாரத்தில் தேறிய ஒருவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? தெரிந்தும் செய்தார் என்றுதான் நினைக்கிறேன். பந்தயம் ஓட்டியவர். வரைபடத்தைப் பார்த்தவுடன் மனசு போயிருக்கும். தவிர, 360-ல் பாதி வழி வந்தபின் நிறுத்தினால் போட்டதெல்லாம் போச்சு, தொடர்ந்தால் இன்னும் போகும். இந்தக் குழியில் விழுந்து எழுந்தவர்கள் எல்லா ஊரிலும் உண்டு.

1949-ல் கம்பெனி நீதிமன்ற மேற்பார்வைக்குப் போனது. 360 கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஒரு பந்தயம்கூட ஓடவில்லை.

யார் யாருக்கு என்ன போயிற்று

அபார்த் தனக்கு வர வேண்டிய பாக்கிக்கு ஈடாக சிசிடாலியா 204 ஸ்போர்ட்ஸ் கார்களையும் பாகங்களையும் எடுத்துக்கொண்டு, 1949 மார்ச் கடைசியில் சொந்தமாகக் கடை திறந்தார். தன் ராசியான விருச்சிகத்தையே சின்னமாக வைத்தார். 1950 ஏப்ரலில் பலேர்மோவில் மோன்டே பெல்லெக்ரினோ மலையேற்றப் பந்தயத்தில் நுவோலாரி ஓட்டித் தன் பிரிவில் முதலாவதாக வந்தார், அவர் வாழ்க்கையின் கடைசிப் பந்தயம் அது. ஓட்டியது அபார்த் 204, அதாவது பெயர் மாற்றிய சிசிடாலியா. அதற்குப் பின் அபார்த் செய்ததுதான் கெட்டிக்காரத்தனம். முழுக் கார் விற்பதற்கு முன் சைலன்சர் விற்றார். சாதாரண ஃபியட்டுக்கு மாட்டிக்கொள்ளலாம், சத்தம் கம்பீரம், இழுவையும் கொஞ்சம் கூடும், சம்பளக்காரன் வாங்கக்கூடிய விலை. கல்லா நிரம்பியபிறகுதான் ஃபியட் 600-ஐ எடுத்துப் பந்தயக் குட்டிகள். ஃபியட் பாகத்தில் பிழைப்பது என்ற டூசியோவின் அதே யோசனை, ஆனால் தலைகீழ் வரிசையில். 1971-ல் ஃபியட்டே அந்தக் கம்பெனியை வாங்கிக்கொண்டது.

போர்ஷக்குக் கிடைத்ததைச் சொல்லவே வேண்டாம். க்முண்ட் பட்டறையில் அடுப்பு எரிந்தது. பெரியவர் வீட்டுக்கு வந்தார். வளைய சிங்க்ரோமெஷ் காப்புரிமை பின்னால் மற்ற கம்பெனிகளிடமிருந்தும் உரிமத் தொகை கொண்டு வந்தது. எல்லாவற்றையும் விட முக்கியம், ஃபியட் பாகத்தில் டூசியோ ஸ்போர்ட்ஸ் கார் செய்து விற்பதைப் பார்த்த ஃபெரிக்கு, அதையே ஃபோக்ஸ்வேகன் பாகத்தில் நாம் ஏன் செய்யக்கூடாது என்று தோன்றியது. 1948 ஜூனில் முதல் 356.

பினின் ஃபரினாவுக்குக் கடல் தாண்டிய பெயர். 202-ன் அந்த மட்கார்டு வளைவு அதன்பின் வந்த எத்தனையோ ஜிடி கார்களின் தோளில் ஏறி உட்கார்ந்திருக்கிறது. ஹ்ருஸ்கா பின்னாளில் ஆல்ஃபாசூட் கார் செய்து கொடுத்தார். சவோனுட்சி கியா (Ghia) என்ற இத்தாலிய கார் பாடி பட்டறைக்கும் அப்புறம் கிரைஸ்லருக்கும் போனார். ஊரார் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிற பழமொழி டூரினில் பலிக்கவில்லை.

டூசியோ அர்ஜென்டினாவுக்குக் கப்பல் ஏறினார். ஹுவான் பெரோன் அரசு உள்நாட்டில் கார் தொழில் வேண்டும் என்று துடித்துக்கொண்டிருந்தது, இவரிடம் காட்ட 360 இருந்தது. அங்கே ஆட்டோவார் என்று கம்பெனி, ஆனால் அது செய்தது பன்னிரண்டு சிலிண்டர் அதிசயம் இல்லை, வில்லிஸ் ஜீப் என்ஜின் போட்ட சாதாரண வண்டிகள். டூரினில் மகன் கார்லோ சிசிடாலியா பெயரில் ஃபியட் அடிப்படையிலான கார்களை 1960-கள் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் செய்துகொண்டிருந்தார், அதைப்பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை.

360 மட்டும் புவனோஸ் ஐரிஸில் வருடக்கணக்காகக் கிடந்தது. 1953 ஜூனில் தூசி தட்டி, கிளெமார் புச்சி என்ற உள்ளூர்ப் பந்தயக்காரரை உட்கார வைத்து, ஒரு நெடுஞ்சாலையில் வேக சாதனைக்கு ஓட்டினார்கள். 300-ஐத் தாண்டும் என்று கணக்குப் போட்டுக் கட்டிய கார் 233 கிலோமீட்டர் வேகம் போயிற்று. அது எந்த ஃபார்முலாவுக்காகச் செய்யப்பட்டதோ அந்த விதியில் உலக சாம்பியன்ஷிப் நடந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. பிறகு கார் ஜெர்மனிக்குப் போய், இப்போது ஸ்டுட்கார்ட் போர்ஷ மியூசியத்தில் இருக்கிறது. நியூயார்க் அருங்காட்சியகத்தின் நிரந்தரச் சேகரிப்பில் உள்ள சிவப்பு 202, 1972-ல் பினின்ஃபரினா கம்பெனி அன்பளிப்பாகக் கொடுத்தது. டூசியோ இத்தாலிக்குக் குடி திரும்பவில்லை, 1975-ல் புவனோஸ் ஐரிஸில் காலமானார்.